புழுவுக்கு வைத்த செடி

1

"சில பண்பாடுகளில் பூச்சிகளோடு இருக்கும் உறவு வேறு மாதிரியானது. அதை நாங்கள் புரிந்துகொள்கிறோம்" என்று என் மகளின் டீச்சர் போனில் சொன்னாள். அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கெட்ட சேதி சொல்வதற்கு முன்னால் வரவழைத்துக்கொள்வார்களே, அந்தக் குரல். என் அப்பா ஒரு கொடுமைக்காரர் என்பதை இதைவிட மரியாதையாக யாராலும் சொல்ல முடியாது.

வேலை இடைவேளையில் காருக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டு "ரொம்ப நன்றி" என்றேன். ஆமாம், நன்றிதான் சொன்னேன். இந்த நாட்டுக்கு வந்து பதினேழு வருஷத்தில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது ஒன்று உண்டென்றால் அது வயிறு எரியும்போது நன்றி சொல்வதுதான். ஆங்கிலத்தில் எனக்குக் கோபம் தாமதமாகத்தான் வரும். போனை வைத்து, டப்பாவை மூடி, கையைத் துடைத்த பிறகு ஒவ்வொரு வாக்கியமாக வந்து நிற்கும். அதற்குள் எதிராளி வேறு வேலைக்குப் போயிருப்பாள். அவளுக்குச் சொல்லாத பதிலை உங்களுக்கு எழுதுகிறேன். பருத்திக் காட்டில் நின்றவர்களுக்குப் பாதி சொன்னால் போதும். மற்றவர்களுக்காக முதலிலிருந்து வருகிறேன்.

என் பெயர் செல்வி. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் எம்.ரெட்டியபட்டி. இப்போது டொராண்டோவுக்கு வெளியே ஒரு புறநகரில் இருக்கிறோம். நான் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன், கணவர் பஸ் ஓட்டுகிறார். ஒரே மகள் இனியா, பதினோரு வயது. அப்பா ஊரில் கரிசல் காட்டில் மானாவாரிப் பருத்தி போடுகிறவர். அம்மா இறந்த பிறகு வீட்டில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தவரைப் பிடிவாதம் பிடித்து இந்தக் கோடைக்கு வரவழைத்தோம். புரட்டாசி மழைக்கு முன்னால் ஊரில் இருந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார்.

2

எல்லாம் மே மாதத்தில் ஒரு நர்சரியில் ஆரம்பித்தது. இங்கே உறைபனி பயம் போனதும் ஊரே செடி வாங்கக் கிளம்பிவிடும். வீட்டு முன்னால் இருக்கும் துண்டு நிலத்தில் பட்டாம்பூச்சித் தோட்டம் வைக்க வேண்டும் என்று இனியா குளிர்காலம் முழுக்க என் உயிரை வாங்கினாள். சரி வா என்று கூட்டிப்போனேன். பூவைப் பற்றி எனக்குத் தெரியாததா? மல்லிக்கும் கனகாம்பரத்துக்கும் நடுவே பிறந்தவள். நல்ல அடுக்கு ரோஜாவாக நாலு எடுத்துத் தள்ளுவண்டியில் வைத்தேன். முட்டைக்கோஸ் அளவுக்கு ஒரு டேலியா, அதையும் வைத்தேன்.

இனியா ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப வைத்தாள்.

"அம்மா, இதுல அதுக்கு ஜூஸ் கிடைக்காது."

அடுக்குப் பூவில் இதழ்தான் மிச்சமாம். தேன் இருந்தாலும் உறிஞ்சுகுழல் உள்ளே எட்டாதாம். ஒற்றையடுக்காக, தட்டையாக, உட்கார்ந்து சாப்பிட இடம் இருக்கிற பூவாக வேண்டும். அதிலும் ஒரே சமயத்தில் பூத்து ஓய்ந்துபோகிற கூட்டமாக இருக்கக் கூடாது. வசந்தத்தில் ஒன்று, கோடையில் ஒன்று, குளிர் தொடங்கும் வரை ஒன்று என்று வரிசையாகப் பூக்க வேண்டும். அப்படிச் சீனியாவும் கோன்ஃபிளவரும் ஆஸ்டரும் வண்டிக்குள் வந்தன. வகைக்கு ஒன்றாகச் சிதறி நடாமல் ஒரே பூவைக் கூட்டமாக நட்டால்தான் தூரத்திலிருந்து அதன் கண்ணுக்குத் தெரியுமாம். காற்றடிக்காத, வெயில் விழுகிற மூலை. இறக்கையைச் சூடாக்க ஒரு தட்டைக் கல். தண்ணீர் குடிக்க ஒரு தட்டில் ஈர மணல். என் மகள் கல்யாணப் பந்திக்கு இடம் பார்ப்பவளைப் போல விரல்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

கடைசியில் மில்க்வீட் என்று ஒரு செடியை எடுத்தாள். தடித்த இலை. மோனார்க் என்று ஆரஞ்சு நிறத்தில் கறுப்புக் கோடு போட்ட பட்டாம்பூச்சி ஒன்று இந்த நாட்டில் பிரபலம். அது இந்தச் செடியில் மட்டுமே முட்டையிடும், அதன் புழு இந்த இலையை மட்டுமே தின்னும்.

"பூ பெரியவங்களுக்கு, இலை குழந்தைங்களுக்கு" என்றாள் இனியா.

அதாவது புழு தின்பதற்கென்றே ஒரு செடி. பருத்தி வெள்ளாமை பார்த்த வீட்டில் பிறந்த நான் அதைக் கையில் வாங்கினேன். எங்கள் பக்கம் பட்டாம்பூச்சியை வரவழைக்க யாரும் செடி வைத்ததில்லை. வரப்பில் ஆவாரை பூத்தால் மஞ்சள் மஞ்சளாக அதுவாக வந்தது. துத்தியிலும் தும்பையிலும் உட்கார்ந்தது. மழை பெய்த மறுநாள் ஈரக் கரிசலில் கும்பலாக இறங்கியது. அதை யாரும் கண்டுகொள்ளவும் இல்லை, விரட்டவும் இல்லை. காசைக் கொட்டி நாங்கள் தடுக்கப் பார்த்ததெல்லாம் பருத்தியில் வருகிறதைத்தான்.

நாங்கள் வாங்கிய மில்க்வீட் தொட்டியில் பெரிய பட்டாம்பூச்சிப் படம் ஒட்டியிருந்தது. ஜூன் தொடக்கத்தில் முட்டை பொரிந்து கடுகளவு புழுக்கள் வந்தன. இரண்டாம் நாள் எல்லாம் இலையிலேயே சுருண்டு கறுத்துத் தொங்கின. இனியா சாப்பிடவில்லை. நர்சரிக்குப் போய்க் கேட்டோம். செடியை வளர்த்து அனுப்பும் பண்ணையில் பூச்சிமருந்து கொடுத்திருப்பார்கள், அது இலைக்குள் இறங்கியிருக்கும் என்று கடைப் பையன் தோளைக் குலுக்கினான். அப்படியானால் இந்தப் படம் எதற்கு என்று கேட்டேன். பூவுக்குப் பட்டாம்பூச்சி வரும், அதற்குத்தான் படம் என்றான். விஷத்தை ஊட்டி வளர்த்த செடியில் பட்டாம்பூச்சிப் படத்தை ஒட்டி ஒரு குழந்தை கையில் கொடுக்கிறார்கள். அவர்களுடைய பண்பாட்டைப் பற்றி எந்த டீச்சரும் யாருக்கும் போன் செய்யவில்லை.

அந்தச் செடியைப் பிடுங்கி எறிந்தோம். விதையிலிருந்து மருந்தில்லாமல் வளர்த்த கன்றுகளை நூலகத்தில் ஒரு பெண் சும்மா கொடுத்தாள். அதைக் கொண்டுவந்து நட்டோம். அதற்குப் பிறகுதான் அப்பா வந்து சேர்ந்தார்.

3

அப்பாவுக்கு விசா வாங்கிய கதையைத் தனியாக எழுத வேண்டும், எழுதினால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். அவர் திரும்பிப் போவார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஆதாரம் காடுதான், வேறென்ன? ஐப்பசியில் விதை ஈரத்தில் கிடக்காவிட்டால் அந்த மனிதருக்குத் தூக்கம் வராது. அதைப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

வந்த மறுநாள் காலையில் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். எல்லாப் பூவையும் தலையாட்டி ஏற்றுக்கொண்டவர் மில்க்வீட்டுக்கு முன்னால் நின்றுவிட்டார். ஒரு இலையைக் கிள்ளினார். பால் வடிந்தது. முகம் மாறிவிட்டது.

"ஏ செல்வி, இது எருக்கு ஜாதியில்ல?"

"அந்த மாதிரிதாம்ப்பா."

"வீட்டு வாசல்லயா வச்சிருக்கீக? நம்மூர்ல ஒருத்தன் குடும்பம் வெளங்காமப் போகணும்னா, ஒன் வீட்டுல எருக்கு மொளைக்கன்னுதான வைவாக? இடிஞ்ச வீட்டுல மொளைக்கிறதத் தண்ணி ஊத்தி வளக்குறீகளே தாயி."

"பாப்பா ஆசையா வச்சதுப்பா."

"பாப்பா வச்சதா?" கையில் ஒட்டிய பாலைச் செடியின் தண்டிலேயே துடைத்தார். "அப்பச் சரி."

அவ்வளவுதான். ஒரு ஆயுள் முழுக்க அஞ்சிய ஒன்றை அந்த இரண்டு சொல்லோடு விட்டுவிட்டார். அன்றிலிருந்து காலையும் மாலையும் அந்தச் செடிக்கு அவர்தான் தண்ணீர். குழாய் இருக்கிறது என்றால் கேட்கமாட்டார். குளியலறைக் குவளையில் மொண்டுவந்து வேரைப் பார்த்து ஊற்றுவார். மற்ற பூக்களுக்கு நான் ஊற்ற வேண்டும்.

ஜூலையில் மாநகராட்சி ஆள் ஒருவன் டேப்போடு வந்தான். எங்கள் முற்றம் காடாகக் கிடக்கிறது என்று அக்கம்பக்கத்தில் யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். சாலையோரப் புல்லின் உயரத்தை அளந்து படம் எடுத்தான். அப்பா அவனைச் சர்வேயர் என்று நினைத்து எல்லைக்கல் எங்கே என்று என்னிடம் கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"நம்ம காடு காஞ்சு கருவாடாக் கெடந்தப்ப வந்து பாக்க ஒருத்தன் இல்ல. இங்க புல்லு வளந்துருச்சுன்னு டேப்போட வாரான்."

சிரித்தாலும், அந்த ஆள் போகும்வரை அவர் மில்க்வீட்டை மறைத்தபடி நின்றிருந்ததை நான் கவனித்தேன். பாப்பா வைத்த செடியை எவனாவது களை என்று எழுதிவிடக் கூடாதே.

அவரும் இனியாவும் பேசிக்கொண்டது குறைவு. "சாப்டியா பாப்பா?" "சாப்டேன் தாத்தா." அதற்கு மேல் என்றால் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் சொல்வதை நான் அவளுக்குச் சொல்வேன், அவள் சொல்வதை அவருக்குச் சொல்வேன். அந்த வேலையில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு.

4

புதுக் கன்றுகளில் கோடை முழுக்க ஒரு முட்டையும் விழவில்லை. ஆகஸ்ட் கடைசியில்தான் விழுந்தது. புழுக்கள் வந்தன. மஞ்சளும் கறுப்பும் வெள்ளையுமாக வரிக்கு வரி போட்ட புழு. ஜூனில் பட்ட அடியில் இனியா யாரிடமும் வாய் திறக்கவில்லை. வெளியே சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயந்தாளாம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த பெண் என்னிடமிருந்து எடுத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுவாக இருக்க வேண்டுமா! பள்ளிக்கூடம் திறந்ததும் வகுப்பில் மட்டும் சொல்லியிருக்கிறாள். வலைக் கூண்டில் வைத்து வளர்க்க ஒன்றைக் கொண்டுவருகிறேன் என்று டீச்சரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

அது நடந்த அன்று நான் வேலை முடிந்து வரும்போது அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அறுவடை முடித்த முகம்.

"பாப்பா செடியக் காப்பாத்திட்டேன் செல்வி. புழு விழுந்திருச்சு. நல்லாக் கொழுகொழுன்னு, வரி வரியா. இன்னும் ரெண்டு நா விட்டிருந்தா வெறுங் குச்சிதான் மிஞ்சியிருக்கும்."

பக்கத்தில் ஒரு தயிர் டப்பா இருந்தது. சோப்புத் தண்ணீர், அதில் புழுக்கள். பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவருக்கு ஒரு வார்த்தை சொல்வதற்குள் பள்ளி பஸ் வந்து நின்றது.

இனியா நேராகச் செடியிடம்தான் போனாள். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு டப்பாவைப் பார்த்தாள். அழவில்லை. தாத்தாவைப் பார்த்து ஒரே ஒரு ஆங்கில வார்த்தை சொன்னாள். கில்லர். உள்ளே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் அந்த வார்த்தை தெரியும். உரக்கடையில் அந்த வார்த்தை ஒட்டிய பாட்டில்களை எத்தனையோ வருஷமாக வாங்கி வந்தவர்.

நான் மெதுவாக எடுத்துச் சொன்னேன். அவர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூவுக்குத்தான பூச்சி வரும்? எலையப் புழுவுக்குக் குடுக்குறதுக்குன்னா செடி வைப்பாக?"

"அந்தப் புழுதாம்ப்பா பட்டாம்பூச்சியா மாறும்."

"அது எனக்குத் தெரியாதா? புழுவுலருந்துதான் பூச்சி வரும். வரக்கூடாதுன்னுதான பெறக்குவோம்."

அவர் வாழ்க்கையில் ஒரு தடவைகூட அந்தக் கணக்கு வேறு மாதிரி இருந்ததில்லை.

மறுநாளிலிருந்து இனியா பள்ளியிலிருந்து வருவதற்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிட்டுக் கீழ்த்தளத்து அறைக்குப் போய்விடுவார். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை விட்டுவிட்டார். என்னிடம் மட்டும் தினமும் ஒரு தடவை, "பாப்பாட்ட சொல்லிரு, தாத்தா வேணும்னு செய்யலன்னு" என்பார். நான் போய்ச் சொல்வேன். "ஓகே" என்பாள் இனியா, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல். அதை அவரிடம் வந்து "சரின்னுட்டாப்பா" என்பேன். இரண்டு பக்கமும் பொய் சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு வறண்டது. அவர் ஊருக்குக் கிளம்ப இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. இந்தத் தொலைவையும் அவர் வயதையும் வைத்துப் பார்த்தால் மறுபடி வருவார் என்று நான் யாரை ஏமாற்ற? பேத்தி கடைசியாகச் சொன்ன வார்த்தையாக அதைத் தூக்கிக்கொண்டா அவர் விமானம் ஏற வேண்டும்?

அந்த நிலைமையில்தான், கூண்டுக்குப் புழு ஏன் வரவில்லை என்று இனியாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட டீச்சரின் போன் வந்தது.

5

சரி, டீச்சரம்மா, இப்போது கேளுங்கள்.

பூச்சிகளோடு எங்களுக்கு வேறு மாதிரி உறவு என்றீர்கள் அல்லவா? நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது பருத்தியில் காய்ப்புழு விழுந்தது. எங்கள் ஊரில் பூச்சிக்கு அடிக்கும் விஷத்துக்குப் பெயர் மருந்து. அந்தப் பெயரை வைத்தது நாங்கள் இல்லை. பாட்டிலை விற்க வந்தவர்கள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எந்தப் புழுவுக்கு எந்த மருந்து என்று முடிவு செய்கிறவர் கடைக்காரர். அவர் எடுத்துக் கொடுத்ததை அப்பா தோளில் டேங்கைக் கட்டிக்கொண்டு அடித்தார். மூக்குக்குத் துண்டு, கைக்கு ஒன்றும் இல்லை. ஒரு நாள் காற்று திரும்பி அடித்தது. காட்டுக்குள்ளேயே விழுந்துவிட்டார். வாயில் நுரை. அம்மா கூப்பாடு போட, ஷேர் ஆட்டோவில் மடியில் கிடத்தி அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அம்மா அவர் கன்னத்தில் அடித்து அடித்துக் கண்ணைத் திறக்க வைத்தாள். பிழைத்தார். பிழைத்து வந்து என்ன செய்தார் தெரியுமா? பாதியில் நின்ற நிரையிலிருந்து மீதியை அடித்தார். வேறு என்ன செய்வார்? காய் செடியில் இருந்ததே.

அடுத்த வருஷம் அந்த மருந்துக்குப் புழு சாகவே இல்லை. கடைக்காரர் இதைவிட வீரியமானது என்று இன்னொன்றைக் கொடுத்தார். அதற்கும் சாகவில்லை. அப்புறம் வீட்டோடு காட்டில் இறங்கினோம். ஆளுக்கு ஒரு தகர டப்பா, அதில் மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர். நிரை நிரையாகக் குனிந்து ஒவ்வொரு காயையும் பார்த்து இரண்டு விரலால் புழுவை எடுத்துப் போட வேண்டும். பள்ளி விட்டு வந்து நானும் போட்டிருக்கிறேன். முதல் நாள் குமட்டும். இரண்டாம் நாள் பழகிவிடும். மூன்றாம் நாள் சோற்றில் கை வைத்தாலும் விரல் தேடும். இனியாவின் தாத்தா அப்படித்தான் என்னை மதுரையில் காலேஜில் சேர்த்தார். அந்தப் படிப்புதான் என்னை இந்த ஊரில் கொண்டுவந்து இறக்கியது. அந்தப் படிப்புக்கு இங்கே மதிப்பில்லை என்று சமையலறையில் நிறுத்தியது உங்கள் நாடு, அதை இப்போது கிளற வேண்டாம்.

அதனால் டீச்சரம்மா, உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். பருத்திச் சட்டை, பருத்தித் துண்டு, பருத்திப் படுக்கை விரிப்பு. உங்கள் வகுப்பில் இருக்கிற அத்தனை பிள்ளைகள் உடம்பிலும் பருத்தி. அது எங்கேயாவது விளைந்திருக்கும், அங்கே யாராவது புழுவைக் கொன்றிருப்பார்கள். உங்களுக்காக அதைச் செய்கிறவர்கள் உங்கள் கண்ணில் படாத தூரத்தில் இருக்கிறார்கள். அதில் ஒருவர் தவறிப்போய் உங்கள் தெருவுக்கு வந்து, அதே கையால், அதே அன்போடு ஒரு செடியைக் காப்பாற்றினார். உடனே அவருடைய பண்பாட்டைப் புரிந்துகொள்ள வந்துவிட்டீர்கள்! எங்களைப் புரிந்துகொள்ள வேண்டாம் அம்மா. கொஞ்சம் கூச்சப்பட்டால் போதும்.

6

இதையெல்லாம் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தேன். திங்கட்கிழமை பள்ளிக்குப் போய் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது என்று முடிவு. நீச்சல் வகுப்பிலிருந்து இனியாவை அழைத்து வரும்போது காரில் ஒரு ஒத்திகை பார்த்தேன். அவளுக்கும் தெரியட்டுமே என்று மடை திறந்த மாதிரி எல்லாவற்றையும் கொட்டினேன். தாத்தா காட்டில் விழுந்தது, தகர டப்பா, காலேஜ், பருத்திச் சட்டை எல்லாம். சிக்னலில் நிற்கும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாள். ஆனால் அது நான் எதிர்பார்த்த அழுகை இல்லை. அவளும் கோபத்தில் இருந்தாள்.

"அம்மா, நீ டீச்சர்ட்ட சொல்லப்போற, அப்பாட்ட சொல்ற, ஊருக்கு போன் பண்ணிச் சொல்ற. எல்லார்ட்டயும் தாத்தாவப் பத்திப் பேசற. தாத்தா ஏன் என்கிட்ட பேசல?"

"தாத்தாதான் தினமும் சொல்லி அனுப்பறாரே."

"உன்கிட்ட சொல்றார்! நான்தானே வளர்த்தேன்? அதுக்குப் பேர்கூட வச்சிருந்தேன். சாரி என்கிட்டதானே சொல்லணும்?"

"உனக்குத் தாத்தா பேசற தமிழ் சரியா..."

"எனக்குப் புரியும்மா. நீங்க ரெண்டு பேரும் பேசறது எல்லாமே புரியும். எருக்குன்னு சொன்னது, வீடு இடிஞ்சுபோகும்னு சொன்னது எல்லாம். நான் பதில் சொல்றதுக்குள்ள நீ சொல்லிடற."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இத்தனை நாள் இரண்டு பேருக்கும் நடுவே நின்று நான் அலைந்தது என்ன, எனக்குக் கிடைத்த பட்டம் என்ன! வீட்டுக்கு வந்து நேராகக் கீழ்த்தளத்துக்குப் போனேன்.

"அப்பா, இனிமே நான் ஒண்ணும் கொண்டுபோய்ச் சொல்லமாட்டேன். பாப்பாட்ட நீங்களே பேசுங்க."

கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் மிரண்டுவிட்டார். "நானா? என்னன்னு தாயி பேச? அது படிச்ச பிள்ள."

"நாளைக்குக் காலையில சனிக்கிழமை. தோட்டத்துலதான் இருப்பா."

மறுநாள் காலையில் அவர் குளித்து, தலை சீவி, விமானத்தில் வந்தபோது போட்டிருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேலே வந்தார். தாலுகா ஆபீசுக்கு மனுக் கொடுக்கப் போகிறவரைப் போல இருந்தது. கூடப் போகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துச் சப்பாத்திக்கு மாவு பிசைந்தேன். தோட்டம் அங்கிருந்து கைக்கெட்டும் தூரம்தான்.

இனியா மில்க்வீட் பக்கத்தில் குத்துக்காலிட்டிருந்தாள். ஆஸ்டர் பூத்த பிறகு மோனார்க்குகள் மறுபடி வந்துகொண்டிருந்தன. அதில் ஏதாவது முட்டையிட்டிருக்கும் என்று இலை இலையாகத் தேடுவது அவள் வழக்கம். அப்பா நாலடி தள்ளி நின்றார். தொண்டையைச் செருமினார்.

"பாப்பா."

அவள் திரும்பவில்லை. தேடுவதை நிறுத்தினாள்.

"தாத்தா சின்னப் புள்ளையிலருந்து புழு பெறக்குனவன். பெறக்குனாத்தான் எங்களுக்குச் சோறு. ஓங்கம்மா படிச்சதும் அதுலதான். இது வேற புழுன்னு எனக்குத் தோணல. ஒன் செடி போயிருமேன்னுதான்..." வெள்ளைச் சட்டையின் நுனியை இழுத்துவிட்டார். "நீ வளத்தது. ஒன்னையக் கேட்டிருக்கணும். தப்புத்தான் பாப்பா."

எங்கள் அப்பா தப்பு என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அம்மா கேட்டிருப்பாளா என்பதும் சந்தேகம்.

"ஒண்ணுகூட விடலையா தாத்தா?" என்றாள் இனியா.

"என் கண்ணுல பட்டது ஒண்ணையும் விடல."

அவள் கொஞ்ச நேரம் தரையைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள்.

"எனக்கு ஒண்ணுமே கண்ணுக்குத் தெரியல. நீங்க பாருங்க."

அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். ஒரு செடியைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார். மூன்றாவதில் அவர் தலை அசையாமல் நின்றது. வலது கை தானாக எழுந்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து இலையை நோக்கிப் போயின. ஒரு விரற்கடை தூரத்தில் நின்றன. அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்படியே மறுபடி குனிந்து தாடையால் காட்டினார்.

"அந்தா, பழுப்பு எலைக்கு மேல இருக்க எலையில, அடிப்பக்கம் பொடிப் புழு ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு பாரு."

"எங்க? தெரியல தாத்தா. தொட்டுக் காட்டுங்க."

மாவுக் கையோடு நான் ஜன்னலில் நின்றேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த ஆங்கிலத்தில் ஒரு வரிகூட எனக்கு ஞாபகம் வரவில்லை.

"கையக் கொண்டாரமாட்டேன் பாப்பா" என்றார் அப்பா. "இந்தக் கை அதுபாட்டுக்குப் போயிரும். நீ இன்னுங் கொஞ்சம் குனிஞ்சு பாரு."